உள்ளே போன தண்ணீர்

ஐந்து பேர் குடித்த தண்ணீர் எங்கே போயிற்று என்று கோதாம்பரிக்குப் பிடிபடவில்லை.

குடித்தது நிஜம். அவள் கண்ணெதிரேதான் குடித்தார்கள். இரண்டு பெரிய லோட்டா குடித்து, ஐந்து ஆசனம் போட்டு, மறுபடி இரண்டு லோட்டா என்று நாலு சுற்று முடிந்துவிட்டது. இந்நேரம் ஆசிரமத்தின் கழிப்பறை வாசலில் ஒருவரை ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கத்தான் செய்தார்கள். ஆனால் எல்லாரும் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வயிறு ஒருவருக்கும் போகவில்லை.

சங்கப் பிரக்ஷாலனம் என்பது அந்தக் கிரியையின் பெயர். சங்கின் வாயில் தண்ணீர் விட்டால் அது உள்ளே சுழன்று சுழன்று மறுமுனையில் கொட்டும். அதேபோல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாய்வழியே விட்டு, குடல் முழுவதையும் கழுவி, கடைசியில் குடித்த நிறத்திலேயே தெளிவாக வெளியே வரவைப்பது. நடுவில் போடும் ஐந்து ஆசனங்களும் தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிற வேலை. கைகளை மேலே தூக்கிக் கால்விரல் நுனியில் எழுந்தால் இரைப்பை நீள்கிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் அதன் அடிவாசல் திறக்கிறது. இடுப்பைத் திருப்பினால் சிறுகுடல் பிழிபடுகிறது. குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிக் குதிகாலைத் திரும்பிப் பார்ப்பதும், குந்தி உட்கார்ந்து ஒரு முழங்காலைத் தரையில் அழுத்துவதும் பெருங்குடலுக்கு. வரிசையை மாற்றினால், மேல்வாசல் மூடியிருக்கும்போது கீழ்வாசலைத் தட்டுவதாக ஆகும்.

இதையெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அலுக்காமல் சொல்வாள் கோதாம்பரி. "காரணம் தெரிஞ்சு செஞ்சாத்தான் அது கிரியை. தெரியாம செஞ்சா சும்மா கை கால ஆட்டறது" என்பது அவளுடைய வழக்கமான பேச்சு. ரிஷிகேஷில் அந்தக் கரையோர ஆசிரமத்துக்குக் கல்யாண வயதில் கற்றுக்கொள்ள வந்தவள், இப்போது பருவம் மாறும்போதெல்லாம் அங்கே இந்தக் கிரியையை நடத்துகிறாள். ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை.

"கோதாம்பரி, உன் வைத்தியம் பிரமாதம்" என்று கூடத்தின் மூலையிலிருந்து குரல் வந்தது. ருக்மா. அவள் கணவனின் அக்கா. டேஹ்ரியிலிருந்து, பத்து வருட மலச்சிக்கலோடு, தம்பி பெண்டாட்டியின் கைராசியைப் பார்க்க வந்திருந்தாள். "பின்னாடி போக வேண்டியதெல்லாம் முன்னாடியே போயிட்டிருக்கு."

"எனக்கும் அப்படித்தான் பெஹன்ஜி" என்றார் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் தப்லியால், வயிற்றைத் தடவியபடி. "தபால் தப்பு விலாசத்துக்குப் பட்டுவாடா ஆகுது."

எல்லாரும் சிரித்தார்கள். கோதாம்பரியும் சிரித்தாள்.

தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. கடைசி ஆசனத்தைக் கூடுதலாகப் போட வேண்டும். இன்னும் இரண்டு லோட்டா குடிக்க வேண்டும். மேலேயிருந்து தள்ளினால் கீழே நகரும் என்பது கணக்கு. அவள் அதையே சொன்னாள். தப்லியால் கையெடுத்துக் கும்பிட்டு, போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். மற்ற மூவரும் அவரைப் பார்த்து லோட்டாவைக் கவிழ்த்துவிட்டார்கள்.

ருக்மா விடவில்லை. "டேஹ்ரியிலேர்ந்து மூணு பஸ் மாறி வந்திருக்கேன். சும்மா திரும்பிப் போகவா? ஊத்து" என்றாள்.

"தீதி, கொஞ்சம் பொறுத்து..."

"ஊத்துன்னா ஊத்து. தம்பி வீட்டுல தண்ணிக்கும் பஞ்சமா?"

கோதாம்பரி ஊற்றினாள். அடுத்த சுற்றும் ஊற்றினாள். அதற்கடுத்ததையும் ஊற்றினாள்.

ஒன்பது மணி வாக்கில் ருக்மா தலை வலிக்கிறது என்றாள். வெறும் வயிறு, வலிக்கத்தான் செய்யும் என்று கோதாம்பரி அவளைச் சுவரோரம் உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில் குமட்டுகிறது என்றாள். அதற்கும் அவளிடம் வழி இருந்தது. முன்னால் குனியவைத்து, நாக்கின் அடிவேரை இரண்டு விரலால் அழுத்தி வாந்தி எடுக்கவைத்தாள். ஒரு வாய் அளவுக்குத்தான் வந்தது. வயிற்றில் தண்ணீர் இல்லை. கீழேயும் போகவில்லை, மேலேயும் இல்லை. கோதாம்பரி அவளுடைய வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. இத்தனை தண்ணீர் குடித்த வயிறு அப்படி இருக்கக் கூடாது.

அப்போது ருக்மா நிமிர்ந்து பார்த்து, "அம்மா, எருமைக்குப் புல்லு போட்டியா?" என்று கேட்டாள்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"தீதி, நான் கோதாம்பரி."

"போட்டியா இல்லையா? கத்துது பாரு." ருக்மாவின் கை காற்றில் எதையோ தேடியது. விரல்கள் நடுங்கின.

கோதாம்பரியின் கணவன் சந்திரமணி, விக்ரம் என்கிற மூன்று சக்கர டெம்போவை ஆசிரம வாசலுக்கே கொண்டுவந்தான். அவன் ஓட்டுகிற வண்டிதான். காலைச் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்திருந்தான். நவராத்திரிக் கூட்டம். பாலத்தருகே வண்டி ஊர்ந்தது. அவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் கோதாம்பரி மடியில் ருக்மாவின் தலையை வைத்துக்கொண்டு, "தீதி, தீதி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அரசு ஆஸ்பத்திரித் திருப்பத்தில் ருக்மாவின் உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது. பல் கிட்டித்துக்கொண்டது. கோதாம்பரியால் செய்ய முடிந்தது, தலை இரும்புக் கம்பியில் மோதாமல் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது மட்டும்தான்.

அவளுக்குத் தெரிந்த வித்தைகள் எல்லாமே, செய்கிறவர் விழித்திருந்தால்தான் நடக்கும். மூச்சை இழு என்றால் இழுக்க வேண்டும், வயிற்றை உள்ளே வாங்கு என்றால் வாங்க வேண்டும். நினைவில்லாத உடம்பிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

டாக்டர் படியார் நடுவயதுக்காரர், பௌடிப் பக்கத்து ஆள். ஊசி போட்டு இழுப்பை நிறுத்திவிட்டு, ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிசல்ட் வந்ததும் வராந்தாவுக்கு வந்து இருவரையும் ஓரமாக அழைத்தார்.

"ரத்தத்துல உப்பு ரொம்பக் கீழ போயிருக்கு. காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர் சாஹப். தண்ணி மட்டும்தான்." கோதாம்பரி கிரியையைச் சொன்னாள்.

"எவ்வளவு தண்ணி?"

சொன்னாள். அவர் புருவம் உயர்ந்தது. "பிபி மாத்திரை எதுவும் எடுக்கறாங்களா?"

"எடுக்கறா" என்றான் சந்திரமணி. "ஒண்ணுக்கு நிறையப் போகும்னு சொல்லுவா."

"அது உப்பையும் சேத்து வெளிய தள்ளிடும். அதோட இவ்வளவு வெறும் தண்ணி..."

"வெறும் தண்ணி இல்ல டாக்டர் சாஹப்" என்றாள் கோதாம்பரி. "உப்புத் தண்ணி. என் கையால உப்பு போட்டது."

டாக்டர் நின்றார். "அப்ப இது நடந்திருக்கக் கூடாதேம்மா."

"எனக்குப் புரியல."

அவருக்கு நேரமில்லை. ஆனாலும் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். "தண்ணியில ஏன் உப்பு போடறீங்க?"

"குடலைச் சுத்தம் பண்ண." சொல்லும்போதே அந்தப் பதில் மெலிந்து கேட்டது. ஒவ்வொரு ஆசனத்துக்கும் காரணம் தெரிந்தவள், உப்புக்கு மட்டும் அதற்குமேல் கேட்டுக்கொண்டதே இல்லை. இத்தனை தண்ணீருக்கு இவ்வளவு உப்பு என்று சொல்லித் தந்தார்கள். அவளும் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, சரி என்று விட்டுவிடுவாள்.

"சுத்தம் பண்றது தண்ணிதான். உப்பு அதுக்குக் காவல்" என்றார் டாக்டர். "குடல் சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. ரத்தத்துல உப்பு இருக்கு. இந்தப் பக்கம் வெறும் தண்ணி வந்தா, ரத்தம் அதை இழுத்துக்கும். ரெண்டு பக்கமும் ஒரே உப்பா இருந்தா இழுக்க ஆளில்ல. தண்ணி குழாயில ஓடற மாதிரி நேரா ஓடிக் கீழ வந்துடும். சாதாரணமா ஏத்தற சலைன் பாட்டில் இருக்கே, அதுல லிட்டருக்கு ஒன்பது கிராம். நீங்க போடறதும் கிட்டத்தட்ட அதுவாத்தான் இருக்கணும். குடிச்சது ஒண்ணுக்கா போச்சுன்னா அர்த்தம் என்ன? தண்ணி ரத்தத்துக்குள்ள போயிடுச்சு. அதுல உப்பு இல்ல."

"போட்டேன் டாக்டர் சாஹப்."

"எனக்குத் தெரியலம்மா. ரத்தம் பொய் சொல்லாது."

"அக்காவுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டான் சந்திரமணி.

"ரத்தம் நீர்த்துப்போச்சுன்னா மூளையும் தண்ணிய இழுத்துக்கிட்டு வீங்கும், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி. கடலை இருக்கற பாத்திரம் பெருசு. மூளைக்கு மண்டையோடு அளவெடுத்துத் தச்சது. அதான் இழுப்பு. கெட்டியான உப்பு மருந்து ஏத்தறோம். ஆனா மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா அதுவே மூளைக்கு வேற கெடுதல் பண்ணிடும்."

"நாங்க என்ன செய்யணும்?"

"உக்காருங்க" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உட்கார்ந்தார்கள். வராந்தா பெஞ்சில் நவராத்திரி விரதக்காரர் யாரோ வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக் கதவுக்குள் ருக்மாவின் பாதங்கள் தெரிந்தன. கால்விரல் மெட்டி ஒன்றைக் கழற்றியிருந்தார்கள். துளித்துளியாக இறங்கும் மருந்தைக் கோதாம்பரி பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கக் கூடாதா என்று மனசு தவித்தது. வேகமாக இறங்கினால் கெடுதல் என்று காதில் விழுந்ததும் ஞாபகம் வந்தது. வேகமும் கூடாது, சும்மா இருக்கவும் முடியவில்லை. மூச்சை நிதானமாக்கிக்கொள்ள முயன்றாள். அவள் மூச்சே அவள் பேச்சைக் கேட்கவில்லை.

சந்திரமணி அவள் பக்கம் திரும்பினான். "உன்ன நான் ஒண்ணும் சொல்லல கோதா. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. உப்பு போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"எப்பவும் போடற அளவா?"

"அதே அளவுதான். ஆசிரமத்து மஹராஜ்ஜி முன்னாடி, தராசுல நிறுத்து."

"அப்புறம் எங்க போச்சு உப்பு?"

அவன் கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் அழுகிற குரலில் கேட்டான். அம்மா இறந்தபின் அவனை வளர்த்தவள் ருக்மா. அவன் பள்ளிக்கூடம் போக டேஹ்ரியில் புல் விற்றவள்.

"இரு. பாத்துட்டு வரேன்" என்று எழுந்தாள் கோதாம்பரி.

"இப்பவா? அவள விட்டுட்டா?"

"இங்க உக்காந்து நான் என்ன பண்றேன்?"

ஷேர் ஆட்டோவில் திரும்பிப் போகிற வழியெல்லாம், இந்த முறை என்ன மாறியது என்றே யோசித்தாள். எப்போதும் இந்தக் கிரியையை நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுவார்கள். கடந்த குளிர்காலத்தில் ஆசிரமப் பொறுப்பேற்ற நிர்வேதானந்த் மஹராஜ், விரத நாளிலேயே வைத்தால் உடம்பும் மனசும் சேர்ந்து சுத்தமாகும் என்றார். நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. விரதம் என்பதால் சாதாரண உப்பு ஆகாது, இந்துப்பு வேண்டும் என்றார். அதுவும் சரி, உப்பு உப்புதான். மில்லில் அரைத்தது தீட்டு என்று முழுக் கல்லாக வாங்கினார். அந்தக் கற்களைத் தேவிக்குச் சாத்தும் சிவப்புச் சுனரித் துணியில் இறுக்கி முடிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய அண்டாவுக்குள் கோதாம்பரி கையாலேயே விடவைத்தார். ஆரத்தி காட்டினார். நைவேத்தியம் ஆனபின் அதைக் கரண்டியால் கலக்குவதோ, படைப்பதற்கு முன் யாரும் நாக்கில் வைப்பதோ கூடாது என்றார். யாரும் கலக்கவில்லை. கோதாம்பரியும் அன்று நாக்கில் வைக்கவில்லை, அவளே விரதம்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதிலும் குற்றமில்லை.

கூடத்தில் அண்டா அப்படியே நின்றது. பாதிக்குக் கொஞ்சம் குறையத் தண்ணீர். பக்கத்தில் மஹராஜ் மணை போட்டு உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "எப்படி இருக்காங்க?"

"இன்னும் முழிக்கல."

கோதாம்பரி மேலாக ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கங்கைத் தண்ணீர். வெறும் தண்ணீர். ஐந்து பேருக்கும் மேலாக முகந்துதான் ஊற்றியிருந்தாள்.

புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பெஹன்ஜி, வேண்டாம்! அது பிரசாத ஜலம். கையை விடாதீங்க."

அவள் கையை விட்டாள். முழங்கை அளவு ஆழத்தில் எடுத்து ருசித்தாள், கொஞ்சம் கரித்தது. தோள்வரை நனைய, கன்னம் தண்ணீரில் பட, அடியைத் தொட்டாள். விரலில் துணி மூட்டை தட்டுப்பட்டது. கற்கள் கரைந்து சிறுத்திருந்தன. இன்னும் கல்லாகத்தான் இருந்தன. அடித்தண்ணீரில் நனைந்த விரலை நாக்கில் வைத்ததும் தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. கசப்பு. அப்படியே துப்பினாள்.

அங்கேயே இருந்தது. அத்தனை உப்பும் அங்கேயே இருந்தது.

"மஹராஜ்ஜி, சர்பத் பண்ணும்போது பாகைக் கலக்காம விட்டா என்ன ஆகும்?"

"அடியில நிக்கும்."

"உப்புத் தண்ணியும் அப்படித்தான். வெறும் தண்ணிய விட கனம். கரைஞ்சது கரைஞ்ச இடத்துலயே தங்கிடுச்சு. நாங்க மேலாக முகந்து முகந்து வெறும் தண்ணிய ஊத்தியிருக்கோம்."

மஹராஜ் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது; பார்த்தால் எதுவும் தெரியாது. "ஆனா போட்டோமே பெஹன்ஜி" என்றார் மெல்ல. "தேவி முன்னாடி, மந்திரம் சொல்லித்தானே போட்டோம்."

"போட்டோம். யாருக்குள்ளயும் போகல."

அவர் மணையில் தொப்பென்று உட்கார்ந்தார். திட்டுவதற்கு அவள் வாய் வரை வார்த்தை வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? கூடாது என்று அவர் சொன்னார். சரி என்று தலையாட்டியது அவள். வரவில்லை என்றதும் இன்னும் குடி என்று ஊற்றியதும் அவள் கைதான். ஏழு மணிக்கே ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் போதும்.

ஈரக்கையோடு நின்றபடி அண்டாவை அடியிலிருந்து மேலாகச் சுழற்றிச் சுழற்றிக் கலக்கினாள். துணிக்குள் கற்கள் உருண்டன. கை ஓயும்வரை கலக்கிவிட்டு மேலாக ருசித்தாள். இப்போது உப்பு தெரிந்தது. அடியில் ருசித்தாள். அதே உப்பு.

போன் அடித்தது. சந்திரமணி.

"கண்ணத் தொறந்துட்டா" என்றான். அவன் மூச்சு வாங்கியது. "என் பேரக் கேட்டாங்க, சொல்லிட்டா. வருஷம் கேட்டா எதையோ சொல்றா. மறுபடி தூங்கிட்டா. மருந்து ரெண்டு நாள் ஓடணுமாம். அதுக்கப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்ங்கறார் டாக்டர்."

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டா. அவ கையால இனிமே ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேன்னா."

"சரி" என்றாள் கோதாம்பரி. "வரேன்."

போனை வைத்ததும் மஹராஜ் தலைநிமிராமலே கேட்டார். "ஞாயித்துக்கிழமை மீரட்டிலேர்ந்து அடுத்த கூட்டம் வருது. டிக்கெட் எடுத்துட்டாங்க. வேண்டாம்னு சொல்லிடட்டுமா? இல்ல, செய்யற வழி ஏதாவது இருக்கா?"

கோதாம்பரி முந்தானையால் கையைத் துடைத்தாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இருக்கு. தேவிக்குத் தனியா ஒரு சொம்பு எடுத்து வச்சிடுங்க, அதை யாரும் தொட வேண்டாம். குடிக்கற தண்ணிக்கு உப்பை இடிச்சுப் பொடியாக்கி, லிட்டருக்கு ஒன்பது கிராம் நிறுத்து, மூட்டை கட்டாம நேரா கொட்டணும். அடியிலேர்ந்து கலக்கணும். மேல ஒரு சொட்டு, அடியில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்து, ரெண்டும் ஒரே உப்பா இருந்தாத்தான் முதல் லோட்டா. பிபி மாத்திரை எடுக்கறவங்களுக்கு இந்தக் கிரியையே கிடையாது. ரெண்டு சுத்து முடிஞ்சும் குடிச்சது ஒண்ணுக்கா மட்டும் போச்சுன்னா, இன்னொரு லோட்டா ஊத்தக் கூடாது. அங்கேயே நிறுத்திடணும்."